இரண்டு மில்லிமீட்டர்: கிட்டார், சாதி, ஓய்வு

1

‘உனக்கு விரல் வாகு இல்லப்பா. சங்கீதமெல்லாம் ரத்தத்துல வரணும்.’

எம்.ஏ. படித்துக்கொண்டிருந்த காலத்தில், விடுதியில் கிட்டார் சொல்லிக்கொடுத்த ஒருவர் என்னிடம் சொன்னது இது. மூன்று மாதம் முட்டி மோதியும் எனக்கு எஃப் கார்டு வரவில்லை. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிகளின்மீதும் குறுக்காகப் படுக்கவைத்து அழுத்தினால் நான்கு கம்பி பேசும், இரண்டு செத்துப்போகும். ரத்தத்தில் இல்லை போலும் என்று நானும் நம்பினேன். கிட்டார் பரணுக்குப் போயிற்று.

பதினைந்து வருஷம் கழித்து, மதுராந்தகத்தில் ஒரு பெரியவர் அதே கிட்டாரை மடியில் வைத்து, ஸ்டீல் ஸ்கேலைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டின்மேல் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தார். ஃபிரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே நாலரை மில்லிமீட்டர். ‘தடிக்கம்பிக்கு ரெண்டரை இருந்தா போதும் தம்பி. ரெண்டு மில்லிமீட்டர் ஜாஸ்தி. இதுல யாருக்கும்தான் வராது’ என்றார்.

இக்கட்டுரை அந்த இரண்டு மில்லிமீட்டரைப் பற்றியது. ஒரு பொருளில் இருக்கும் குறை, ஒரு மனிதனின் பிறவிக் குறையாக எப்படி மொழிபெயர்க்கப்படுகிறது என்பதைப் பற்றியது.

பெரியவருக்கு எழுபது தாண்டிவிட்டது. படாளம் சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். 1970களில் சர்ச்சில் கிட்டார் பழகி, மெல்லிசைக் குழு ஒன்றில் நாலைந்து வருஷம் வாசித்து, ஆலையில் வேலை கிடைத்ததும் குழுவை விட்டவர். கிட்டாரை விடவில்லை. இன்றுவரை சாயங்காலம் ஒரு மணி நேரம் வீட்டுத் திண்ணையில் வாசிக்கிறார். கேட்க ஆள் வேண்டும் என்பதில்லை. ‘என் பேரைப் போடாத, நான் ஆர்ட்டிஸ்ட் கெடயாது’ என்றார். போடவில்லை.

2

இசைக்கருவி பற்றி நம்மிடம் இருக்கும் எழுத்துகளில் நாதம், ஆன்மா, தவம் போன்ற சொற்கள் அதிகம். பெரியவரின் சொல்லாடல் வேறு. அவருக்குக் கிட்டார் ஒரு பாரம் தாங்கி. ஆறு இரும்புக் கம்பிகளும் சுருதிக்கு ஏறும்போது சேர்ந்து இழுக்கும் இழுவை சுமார் 70 கிலோ. நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாரில் சுமார் 40. ‘ஒரு ஆளு ராப்பகலா தொங்கிக்கினே இருக்கான்னு வச்சிக்க. கழுத்து வளையாம இன்னா செய்யும்?’

கழுத்து வளைந்தால் கம்பி எழும்பும். எழும்பிய கம்பியை அழுத்த விரல் கூடுதலாக உழைக்க வேண்டும். அழுத்தும்போது கம்பி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும். இதற்கு மூன்று இடங்களில் வைத்தியம் உண்டு. கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராடு என்கிற இரும்புத் தண்டைக் கால் சுற்று முடுக்கினால் வளைவு நிமிரும். கீழே பிரிட்ஜில் உட்கார்ந்திருக்கும் சேடில் என்ற எலும்புத் துண்டைத் தேய்த்தால் கம்பி இறங்கும். ஆனால் சேடிலில் ஒரு மில்லிமீட்டர் தேய்த்தால் பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அரை மில்லிமீட்டர்தான் இறங்கும், அந்த ஃபிரெட் கம்பியின் சரிபாதியில் இருப்பதால். மூன்றாவது, மேலே இருக்கும் நட். அதன் வெட்டுகள் ஆழமில்லாமல் இருந்தால் முதல் ஃபிரெட்டில் கம்பி உயர்ந்து நிற்கும். முதல் ஃபிரெட்டில்தான் எஃப் கார்டு பிடிக்க வேண்டும். கற்றுக்கொள்ள வருபவர்களில் பலர் கிட்டாரைப் போட்டுவிட்டுப் போகிற இடமும் அதுதான்.

பெரியவர் நட்டின் வெட்டுகளை மெல்லிய அரத்தால் ராவினார். சேடிலை உப்புத்தாளில் தேய்த்தார். ஃபீலர் கேஜ் வைத்து அளந்தார். இரண்டு சாயங்காலம் ஆயிற்று. அன்றைக்கே எனக்கு எஃப் கார்டு வந்துவிட்டது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். வரவில்லை. மூன்று வாரம் கழித்து வந்தது. உழைப்பு தேவையில்லை என்பதல்ல இங்கே வாதம். உழைப்பு பலன் தருகிற இடத்தில் கருவி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

ஃபிரெட் என்கிற ஏற்பாட்டையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். கம்பியின் மீதமுள்ள நீளத்தை 17.817ஆல் வகுத்து, வரும் தூரத்தில் அடுத்த ஃபிரெட்டை வைத்துக்கொண்டே போனால் பன்னிரண்டாவது ஃபிரெட் சரிபாதியில் வந்து விழும். பழைய கைவினைஞர்கள் பதினெட்டு என்றே வைத்துக்கொண்டார்கள். வயலின் கற்பவர் ஸ்வரம் நிற்கும் இடத்தைத் தேடியே வருஷக்கணக்கில் அலைய வேண்டியிருக்க, கிட்டாரில் அந்தத் தேடலைச் செய்தவரே முடித்துக் கொடுத்துவிடுகிறார். ‘அதனால்தான் அதில் கமகம் இல்லை’ என்பார்கள். வீணையிலும் மெழுகில் பதித்த இருபத்துநான்கு மெட்டுகள் உண்டு. அங்கேயும் கம்பியை இழுத்துத்தான் கமகம் வருகிறது. ஆக, ஃபிரெட்டின்மீது சொல்லப்படும் குறை ஃபிரெட்டைப் பற்றியது மட்டும்தானா என்று நாம் கேட்டாக வேண்டும்.

3

‘ரத்தத்துல வரணும்’ என்ற வாக்கியத்துக்கு வருவோம். பெரியவரிடம் அதைச் சொன்னபோது சிரித்தார். அவருக்கும் அது சொல்லப்பட்டிருக்கிறது, நேர் எதிரான காரியத்துக்காக. அவர் அப்பா ஊரில் சாவுக்குப் பறையடித்தவர். அப்பா படுத்தபோது ஊர்ப் பெரியதனக்காரர் ஒருவர் வந்து, ‘உம் மவனுக்கு ரத்தத்துலயே தாளம் இருக்குதுடா, அனுப்பு’ என்றாராம்.

ஒரே வாக்கியம் இரண்டு வேலை செய்கிறது. ஒருவனை வாத்தியத்திலிருந்து வெளியே தள்ளுகிறது. இன்னொருவனை வாத்தியத்தோடு சேர்த்துக் கட்டிப்போடுகிறது. திறமை என்பதை உடலுக்குள், பிறப்புக்குள் வைத்துவிட்டால் பயிற்சி, கருவி, காசு, நேரம், யார் வீட்டுத் திண்ணையில் யார் உட்காரலாம் என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். சாதி வேலை செய்வதும் இப்படித்தான்.

புகழ்ச்சியிலும் இதே வேலை நடக்கிறது. இளையராஜாவை ‘ஞானி’ என்கிறோம், ‘வரம்’ என்கிறோம். பாவலர் வரதராஜனின் குழுவில் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளுக்காக ஊர் ஊராக வாசித்தது, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசைக்குறிப்பு கற்றது, லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றது, இவ்வளவும் 1976இல் ‘அன்னக்கிளி’ வருவதற்குப் பின்னால் இருக்கும் உழைப்பு. ‘வரம்’ என்ற ஒரு சொல் இந்த உழைப்பைத் துடைத்துவிடுகிறது. உழைத்துக் கற்றார் என்று ஒப்புக்கொண்டால், உழைக்க வழி கிடைத்திருந்தால் இன்னும் எத்தனை பேர் கற்றிருப்பார்கள் என்ற கேள்வி வரும்.

மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் இரட்டைமலை சீனிவாசன் பிறந்த ஊர். 1893இல் அவர் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். இழிவாகச் சுமத்தப்பட்ட பெயரை எடுத்துத் தலைப்பாகச் சூட்டுவது ஒரு வழி. இழிதொழிலாகச் சுமத்தப்பட்ட பறையைக் கீழே போடுவது இன்னொரு வழி. பெரியவர் இரண்டாவதைத் தேர்ந்தவர். அவர் பேரன் இன்று ஒரு கலைக்குழுவில் பறை வாசிக்கிறான். 2018 ஜனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் பறையும் கானாவும் எலக்ட்ரிக் கிட்டாரும் ஒன்றாக நின்றதைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அவனுடையது. அதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். ‘அது அவன் இஷ்டம். எங்கப்பனுக்கு இஷ்டம்னு ஒன்னு இருந்திச்சா?’ என்றார்.

ரொலான் பார்த் 1970இல் எழுதிய ‘மியூசிகா பிராக்டிகா’ என்ற சிறு கட்டுரையை இங்கே நினைத்துக்கொள்ளலாம். கேட்கும் இசை, வாசிக்கும் இசை என இரண்டு உண்டு என்பார். இரண்டாவது, கைகளின் இசை. அதை வாசித்துவந்த அமெச்சூர் மறைந்துபோய், அந்த இடத்தில் தொழில்முறைக் கலைஞனும் காசு கொடுத்துக் கேட்பவனும் மட்டும் எஞ்சியதை அவர் கவனப்படுத்துகிறார். அவர் மனதிலிருக்கும் அமெச்சூர் ஐரோப்பிய நடுத்தர வர்க்க வீட்டில் பியானோவின் முன் உட்கார்ந்திருப்பவர். நம்முடைய நிலத்தில் மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்க வேண்டும்: வாசித்தே ஆகவேண்டிய இசை. அரைப்படி நெல்லுக்கும் அடிக்கும் பயந்து வாசித்த இசை. இந்த மூன்றாவதிலிருந்து தப்பித்து வந்தவர் யாருக்காகவும் இல்லாமல் தனக்காக ஒரு மணி நேரம் வாசிப்பதை ‘பொழுதுபோக்கு’ என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. ஓய்வு நேரம் என்பதே இங்கே சிலருக்கு மறுக்கப்பட்ட சொத்து.

இதனால் கிட்டார் சாதியற்ற வாத்தியம் ஆகிவிடாது. சர்ச், கான்வென்ட், ஆங்கிலம், காசு என்று அதற்கும் வாசற்படிகள் இருந்தன. குலவழிக் காவலர்கள் அதற்கு இங்கே இல்லை, அவ்வளவுதான். பெரியவர் நுழைந்தது அந்தச் சந்தில்தான்.

4

இன்று நல்ல அளவில் செய்த கிட்டார் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பாடம் செல்போனில் இலவசமாக வருகிறது. தடையெல்லாம் நீங்கிவிட்டது போலத் தோன்றும் இந்த இடத்தில் சந்தை வேறு வடிவத்தில் அதே வாக்கியத்தைச் சொல்கிறது: உனக்கு வராததற்குக் காரணம் உன்னிடம் அந்தப் பெடல் இல்லை, அந்த ஆம்ப் இல்லை. முன்பு ரத்தத்தில் இல்லாதது இப்போது பையில் இல்லை. இசை கேட்கப்போனவர் உண்மையில் தான் கொடுத்த டிக்கெட் காசைத்தான் வழிபடுகிறார் என்ற பொருளில் அடோர்னோ 1938இல் எழுதியது கருவி வாங்குகிறவருக்கும் பொருந்தும்.

பெரியவரிடம் பழைய ஆம்ப் ஒன்று உண்டு. பெடல் கிடையாது. ‘ஒன்னு வாங்கினா அது இன்னொன்னு கேக்கும்’ என்கிறார். சத்தம் மாற வேண்டுமானால் மீட்டும் கையை நகர்த்துகிறார். பிரிட்ஜை ஒட்டி மீட்டினால் மேல் ஸ்வரங்கள் கூடி ஒலி கூர்மையாகும், துளையின் பக்கம் வந்தால் உருண்டு மெத்தென்று ஆகும். 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப்பாட்டில் சந்திரசேகர் வாசித்த கிட்டாரைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் இதைப் பிடித்தாராம். அவர் காசு செலவழிப்பது கம்பிக்கு மட்டும். வாசித்து முடித்ததும் கம்பியை உலர்ந்த துணியால் துடைக்கிறார். ‘மகாபலிபுரம் பக்கம் போனா உப்புக்காத்து. தொடைக்கலன்னா ஒரே மாசத்துல துரு.’

விலை உயர்ந்த கிட்டார்களின் மரத்தைப் பற்றி அவருக்கு ஒன்று சொன்னேன். 1833இல் தொடங்கிய அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனி, பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதானதும், 1969ஐ ஒட்டி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். 2017இல் அந்த இனம் முழுவதும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டில் வந்தது. 2019இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. நம் மலையில் வளர்ந்த மரம் கப்பலேறிப் போய், நாம் தொட முடியாத விலையில் திரும்பி வருகிறது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, ‘ஈட்டியா? எங்க ஆபீசர் ரூம் மேஜ ஈட்டிதான்’ என்றார்.

ஒன்றைச் சொல்லாமல் முடிக்க முடியாது. அவர் வாசிக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் அவர் மனைவி உள்ளே அடுப்படியில் இருந்தார். நாங்கள் பேசிய மூன்று நாளும் டீ வந்துகொண்டே இருந்தது. அம்மா, நீங்க எதாவது வாசிப்பீங்களா என்று கேட்டேன். ‘எனக்கு எங்கப்பா நேரம்?’ என்றார். பெரியவர் தலையைக் குனிந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். ஓய்வு மறுக்கப்பட்டவர் வென்றெடுத்த ஓய்வும் இன்னொருவரின் வேலைமீதுதான் உட்கார்ந்திருக்கிறது என்பதை நானும் அவரும் ஒரே சமயத்தில் உணர்ந்தோம் என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது ஸ்டீல் ஸ்கேலை என்னிடமே கொடுத்துவிட்டார். தெருவில் யாராவது ஒரு பிள்ளை கிட்டாரோ புல்புல் தாராவோ எடுத்துவைத்துக்கொண்டு வரவில்லை என்று உட்கார்ந்திருந்தால், அதனிடம் எதையும் சொல்வதற்கு முன்னால் கம்பியின் உயரத்தை அளந்து பார்க்கச் சொன்னார்.