கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமல்ல

நம் காலனிகளில் கடை திறப்பது இன்று புதிதல்ல. டிபன் கடை, தையல் கடை, செல்போன் ரிப்பேர், ஆடு வளர்ப்பு, சென்டரிங் பலகை வாடகை என்று படித்த பிள்ளைகளும் மகளிர் குழுப் பெண்களும் துணிந்து இறங்குகிறார்கள். திறந்த கடை ஓராண்டுக்குள் பூட்டிக் கிடப்பதையும் நாம் பார்க்கிறோம். ஏன் என்று கேட்டால், ‘வியாபாரம் நமக்கெல்லாம் வராது’ என்று நம்மவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சை நாம் ஏற்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ரங்கூனில் வணிகம் செய்து பொருளீட்டி, கல்விக்கும் தமிழ்ப் புலவர்களுக்கும் வாரி வழங்கிய மதுரைப் பிள்ளை நம்மவர்தான். அண்ணல் அம்பேத்கரும் அமெரிக்காவில் பொருளாதாரம் படித்துத் திரும்பிய பிறகு, பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலைத் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அறிவில் குறை இருந்தா அந்தத் தொழில் நின்றது?

ஆக, சிக்கல் திறமையில் இல்லை. மற்றவர்கள் தொழிலில் சறுக்கினால் தாங்கிப் பிடிக்க நிலம் இருக்கிறது, நகை இருக்கிறது, பணமுள்ள மாமன் மச்சான் இருக்கிறார்கள். நமக்கு அந்த ஆதரவு இல்லை. ஒரு மாத நட்டத்திலேயே கடை மூடப்படும். அதனால்தான் சொல்கிறோம்: நம்முடைய கணக்கு மற்றவர்களின் கணக்கைவிட இறுக்கமாக இருக்க வேண்டும்.

நம் கூலியை எழுதுகிறோமா?

ஒரு மாலை நேர டிபன் கடையை எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். ஒரு நாள் விற்பனை 3,000 ரூபாய். அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறிக்கு 1,700. கேஸுக்கு 250. வாடகை, கரண்டுக்கு 200. சரக்கு ஏற்றிவர 100. மொத்தச் செலவு 2,250. மீதி 750 ரூபாய். ‘தினம் 750 ரூபாய் லாபம்’ என்று மகிழ்கிறார்கள்.

இது லாபமா? அதிகாலையில் மாவாட்டுவது முதல் இரவு பாத்திரம் கழுவுவது வரை இருவர் உழைப்பு அதில் இருக்கிறது. வெளியே வேலைக்குப் போனால் ஆளுக்கு 450 ரூபாய் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டால், இருவர் கூலி 900. அப்படியானால் அந்தக் கடை தினம் 150 ரூபாய் நட்டத்தில் ஓடுகிறது. அன்று 300 ரூபாய்க்குக் கடன் சொல்லிப் போயிருந்தால், கையில் இருப்பது 450 மட்டுமே.

உடனே கடையை மூடச் சொல்லவில்லை. எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கச் சொல்கிறோம். மீந்து வீணாகும் மாவு எவ்வளவு? பருப்பைச் சில்லறையில் வாங்காமல் மொத்தக்கடையில் மூட்டையாக வாங்கினால் எவ்வளவு மிச்சமாகும்? வடைக்கு ஒரு ரூபாய் கூட்டினால் விற்பனை குறைகிறதா, இல்லையா? ஒரு வாரக் கணக்கை எழுதிப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும்.

காலம் காலமாக நம் உழைப்பைக் கணக்கில் எழுதாமலே வாங்கிக்கொண்டார்கள். நம் சொந்தக் கடையிலும் நாமே அதை எழுதாமல் விடலாமா? குறிப்பாக, மனைவியின் உழைப்பு எந்த நோட்டிலும் ஏறுவதில்லை. அதை முதல் வரியில் எழுதுங்கள்.

இதற்கு 40 பக்க நோட்டு ஒன்று போதும். வரவு, செலவு, பாக்கி என்று மூன்று கட்டம். தினம் கடை அடைத்ததும் எழுத வேண்டும். கடைப் பணத்துக்கும் வீட்டுப் பணத்துக்கும் வெவ்வேறு டப்பா, வெவ்வேறு வங்கிக் கணக்கு. பிள்ளையின் காய்ச்சலுக்குக் கல்லாவில் கைவைக்க நேர்ந்தால், ‘வீட்டுக்கு எடுத்தது’ என்று எழுதிவிட்டு எடுங்கள்.

உறவும் பாக்கியும்

காலனிக் கடையைக் கவிழ்ப்பதில் முதலிடம் கடன் பாக்கிக்குத்தான். ‘மாமா, எழுதிக்கங்க’, ‘சின்னம்மா, சனிக்கிழமை தாரேன்’ என்று வருகிறவர்கள் எல்லாம் நம் சனம். வாரக் கூலிக்காரர்களிடம் கடனே கிடையாது என்று சொல்லவும் முடியாது. ஆனால் வரம்பு வைக்கலாம். ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் என்று கடை திறந்த அன்றே சொல்லிவிடுங்கள். உங்கள் நோட்டில் எழுதும்போதே அவர்களுக்கும் ஒரு சிட்டை கொடுங்கள். கூலி வாங்கும் நாளில் பழைய பாக்கியில் பாதியாவது தீர்த்தால்தான் புதுக் கடன் என்பதை அண்ணன் தம்பிக்கும் பொதுவாக்குங்கள். முகம் சுளிப்பார்கள்தான். கடை மூடிப்போனால் அவர்களுக்கும் அவசரத்துக்குக் கொடுக்க ஆளில்லை.

இன்னொரு வகைப் பாக்கி உண்டு. ஊர்த்தெருவில் செல்வாக்குள்ளவர் வண்டியில் வந்து பொருளை வாங்கிக்கொண்டு, ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று போவார். கேட்கத் தயங்குவோம். அங்கேயும் நோட்டை நீட்டுங்கள். கையெழுத்தோ, செல்போனில் ஒரு குறுஞ்செய்தியோ வாங்குங்கள்.

தண்டல் வேண்டாம், வங்கிக்குப் போவோம்

தண்டல்காரர் 10,000 ரூபாய்க் கடன் என்பார். 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார். தினம் 100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வட்டி 15 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசலையும் சேர்த்துத் திருப்புகிறோம். ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 100 சதவீதத்தைத் தாண்டுகிறது. எந்த டிபன் கடையும் அவ்வளவு சம்பாதிக்காது.

வங்கிக்குப் போனால் ‘சொத்துப் பத்திரம் இருக்கிறதா?’ என்பார்கள். குறு, சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இதைத் தெரிந்துகொண்டு போங்கள். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள்.

தாட்கோ அலுவலகத்திலும் மாவட்டத் தொழில் மையத்திலும் நமக்கான திட்டங்கள் உண்டு. தமிழ்நாடு அரசு 2023-ல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. 10 லட்சத்துக்கு மேல் தேவைப்படுகிறவர்களுக்கு 2016-ல் வந்த ஸ்டாண்ட் அப் இந்தியா வங்கிக் கிளைகளுக்கே இலக்கு வைத்தது. எதற்குப் போனாலும் சாதிச் சான்றிதழ், விலைப்பட்டியல், திட்ட அறிக்கை ஆகியவற்றோடு உத்யம் பதிவையும் கையில் வைத்திருங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ‘2,000 கொடு, முடித்துத் தருகிறேன்’ என்கிற இடைத்தரகரை நம்பாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. மானியத்துக்காக நம் பெயரில் கடன் வாங்கி, தொழிலை வேறொருவர் நடத்துவது பல இடங்களில் நடக்கிறது. கையில் ஒரு சிறு தொகையைத் திணித்துவிட்டுக் காசோலைகளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். மானியம் அவருக்குப் போகும், வங்கி நோட்டீஸ் நமக்கு வரும். வெற்றுத் தாளிலும் வெற்றுக் காசோலையிலும் யாருக்காகவும் கையெழுத்துப் போடாதீர்கள்.

சாதி கடைக்கு வரும்போது

எவ்வளவு சுத்தமாகச் சமைத்தாலும், ‘அந்தத் தெருக்காரன் கடை’ என்று ஒதுங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உணவுத் தொழிலில் இது அதிகம். அச்சகம், ஹாலோ பிளாக், வாகன ரிப்பேர் போன்றவற்றில் சற்றுக் குறைவு. தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வைக்க வேண்டியிருக்கிறது. கடையை ஊருக்குள் வைப்பதைவிடப் பேருந்து நிறுத்தம், சந்தை, கல்லூரி வாசல் என்று பல ஊர்க்காரர்கள் வந்துபோகும் இடத்தில் வைப்பது நல்லது. பெயரை மறைத்துத் தொழில் செய்யச் சொல்லவில்லை. நாலு பேர் ஒதுங்கினாலும் நாற்பது பேர் வரக்கூடிய இடத்தைப் பிடியுங்கள் என்கிறோம்.

‘அவன் கடையில் வாங்கக் கூடாது’ என்று ஊர் கூடிக் கட்டளை போட்டால், கடை நடத்த விடாமல் தடுத்தால், அது குற்றம். 1989-ம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 2015-ல் திருத்தப்பட்டபோது, பொருளாதாரப் புறக்கணிப்பும் தொழில் செய்வதைத் தடுப்பதும் அதில் தெளிவாகச் சேர்க்கப்பட்டன. புகாரை விசாரிக்க வேண்டியவர் டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரி. யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார், யார் பார்த்தார்கள் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். புறக்கணிப்புக்கு முன்னும் பின்னும் விற்பனை எவ்வளவு என்று காட்ட, தினம் எழுதிய அந்த 40 பக்க நோட்டு அப்போது சாட்சியாக நிற்கும்.

மாணவர்களுக்கு

இந்த வேலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கிறது. உங்கள் தெருவில் ஐந்து கடைகளாவது இருக்கும். நடத்துகிறவர்களில் பலருக்கு எழுதப் பழக்கம் இருக்காது. வங்கிப் படிவத்தைப் பார்த்தாலே தயங்குவார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம் அத்தை கடையிலோ பெரியப்பா கடையிலோ உட்கார்ந்து அந்த வாரக் கணக்கை எழுதிக் கொடுங்கள். உத்யம் பதிவை உங்கள் செல்போனிலேயே செய்து கொடுக்கலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டு வாங்கிக்கொண்டு போய், முதல் வரியில் அத்தையின் கூலியை எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.