பாட்டுக்குள் ஒரு தூது

கீரமங்கலம் மெய்நின்ற நாதர் கோயிலில் 81 அடி உயரச் சிவன் சிலை இருக்கிறது. அதே கோயிலில் நக்கீரருக்கும் சிலை உண்டு. பாட்டெழுதிக் கொடுத்தவரும், அந்தப் பாட்டில் குற்றம் கண்டவரும் ஒரே இடத்தில். ஊரின் பெயரே நக்கீரரால் வந்தது என்றும், மெய்யின் பக்கம் நின்ற அவரால்தான் இறைவனுக்கு அந்தப் பெயர் அமைந்தது என்றும் உள்ளூர் வழக்கு சொல்கிறது. ஒரு பாட்டுக்கு என்ன பொருள் என்று சண்டை போட்டவரைக் கொண்டாட ஓர் ஊர் இருக்கிறதென்றால், அது புதுக்கோட்டை மாவட்டத்து இந்தப் பூச்சந்தை ஊர்தான்.

மதுரையில் நடந்ததாகத் திருவிளையாடற் புராணம் சொல்லும் அந்த வாதம் எல்லாருக்கும் தெரியும். பெண்களின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டா, சூடிய பூவால் வந்த மணமா? பாண்டியனின் ஐயம் அது. தருமிக்காக இறைவன் எழுதித் தந்த பாட்டை நக்கீரர் ஏற்க மறுத்தார். 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில் சிவாஜியோடும் நாகேஷோடும் இந்தக் காட்சி தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்தது. நக்கீரராக நடித்தவர் படத்தை இயக்கிய ஏ.பி. நாகராஜனே. மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் கீரமங்கலத்துப் பூ மார்க்கெட்டில் நக்கீரரின் கட்சிக்கே ஆள் அதிகம் சேரும் என்று நம்பலாம்.

ஆனால் அந்தப் பாட்டை எடுத்துப் படிப்பவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. குறுந்தொகையின் 2-ஆம் பாடல் அது. எழுதியவர் பெயர் இறையனார். அதில் பாண்டியன் இல்லை, பொற்கிழி இல்லை, தருமி இல்லை. ஒரு காதலன், அவன் காதலி, ஒரு வண்டு. அவ்வளவுதான். பூப்பூவாய்ப் போய்த் தேனெடுக்கும் வண்டிடம், என் காதலியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை நீ அறிவாயா என்று அவன் கேட்கிறான். ஊர்ப் பெண்கள் எல்லாருடைய கூந்தலைப் பற்றியும் அந்தப் பாட்டு தீர்ப்புச் சொல்லவில்லை. காதல் மயக்கத்தில் ஒருவன் தன்னவளைப் பாராட்டுகிறான். புராணத்துச் சண்டை பாட்டுக்கு வெளியிலிருந்து வந்து சேர்ந்த சண்டை. அதைவிட முக்கியமான இன்னொன்று: காதலன் அந்த வண்டுக்கு ஒரு நிபந்தனை போடுகிறான். எனக்கு இனிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்லாதே, நீ பார்த்ததைச் சொல் என்கிறான். பாட்டுக்குப் பொருள் சொல்ல வருகிற யாரிடமும் கேட்க வேண்டிய நிபந்தனை அதுவே.

பொருள் பற்றிய சண்டையில் நக்கீரருக்கு வெற்றியும் உண்டு. இறையனார் களவியல் என்ற அகப்பொருள் நூலுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை எழுத, எது மெய்யுரை என்று முடிவாகவில்லை. வாய் பேசாத சிறுவன் உருத்திரசன்மனை உட்கார வைத்து ஒவ்வோர் உரையாகப் படித்தார்கள். மருதனிளநாகனார் உரையைக் கேட்டபோது சில இடங்களில் கண்ணீர் விட்ட அந்தச் சிறுவன், நக்கீரர் உரைக்குச் சொல்தோறும் கண்ணீர் வார்ந்து மெய்சிலிர்த்தான் என்கிறது அந்நூலின் உரை. திருக்குறளுக்குப் பரிமேலழகர் ஒன்று சொல்ல, மணக்குடவர் வேறொன்று சொல்வார்; இரண்டையும் வைத்துக்கொண்டு இன்றைக்கும் வாதிடலாம். பாட்டு ஒன்றே போதும், உரை வேண்டாம் என்று தமிழர்கள் ஒருநாளும் இருந்ததில்லை.

அந்த உரைகாரர்களின் பேரப்பிள்ளைகளைத்தான் டீக்கடை பெஞ்சில் பார்க்கிறோம். 1960-களில் சினிமாப் பாட்டு பெரும்பாலும் படத்தை விட்டுப் பிரிந்தே வாழ்ந்தது. கடலோரத்தை ஒட்டிய இந்தப் பகுதிகளில் இலங்கை வானொலி பளிச்சென்று கேட்கும். படம் ஊர்க் கொட்டகைக்கு வந்து சேருமுன்பே பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கும். கொட்டகை வாசலில் விற்ற மெல்லிய பாட்டுப் புத்தகத்தில் வரிகள் இருக்கும், காட்சி இருக்காது. இந்தப் பாட்டை யார் யாருக்காகப் பாடுகிறார்கள் என்று கேட்பவரே கற்பித்துக்கொள்ள வேண்டிய நிலை. பாட்டெழுதுபவரோ அரசியல் மேடையிலும் நிற்பவர். அப்படியானால் காதலி அனுப்பும் தூது யாருக்கோ போகும் தூதாகவும் இருக்கலாமே?

இந்த வாதங்களின் நடுநாயகம் கண்ணதாசன். காரைக்குடிக்குப் பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்தவர். தி.மு.க.வில் வளர்ந்து 1961-ல் அதை விட்டு வெளியேறியவர். கட்சிக்குள் பட்ட வலியை ‘வனவாசம்’ நூலில் ஒளிக்காமல் எழுதியவர். இப்படிப்பட்டவர் எழுதிய பாட்டில் வாழ்க்கை கசியாமல் இருக்குமா என்பது ரசிகர்களின் கேள்வி. நியாயமான கேள்வி.

‘படித்தால் மட்டும் போதுமா’ படத்தில், அண்ணன் காட்டிய வழியில் வந்து இந்த நிலைக்கு ஆளானதாகச் சிவாஜி கலங்கிப் பாடும் பாட்டு ஒன்று உண்டு. திரையில் அது அண்ணனிடம் ஏமாந்த தம்பியின் புலம்பல். தமிழ்நாட்டில் அன்றைக்கு ‘அண்ணன்’ என்று இலட்சம் தம்பிகள் அழைத்தது அண்ணா ஒருவரைத்தான். படம் 1962-ல் வந்தது; கவிஞர் கட்சியை விட்டது அதற்கு முந்தைய ஆண்டு. காலம் பொருந்துகிறது, சொல் பொருந்துகிறது, மனநிலையும் பொருந்துகிறது. கதைக்கும் இந்தப் பாட்டு கச்சிதமாக உட்காருகிறது என்பதுதான் இதன் பெருமை. உள்ளர்த்தம் தெரியாதவர் ஒன்றையும் இழப்பதில்லை. தெரிந்தவருக்கு ஒரு குத்து கூடுதலாக விழுகிறது.

1967-ல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ பாட்டு இன்னும் பிரபலம். சிவகாமியின் மகனிடம் போய்ச் சேதி சொல்லும்படி நாயகி தோழியிடம் கேட்கிறாள். பக்தருக்கு அது முருகன். அரசியல் தெரிந்தவருக்குக் காமராஜர், ஏனென்றால் அவருடைய தாயாரின் பெயர் சிவகாமி அம்மாள். காமராஜருக்கும் கவிஞருக்கும் இடையே இருந்த பிணக்கைத் தீர்க்கப் பாட்டிலேயே தூதுவிட்டார் என்பது ஒரு கதை. காங்கிரசில் சேர விரும்பி அனுப்பிய விண்ணப்பம் இது என்பது இன்னொரு கதை. இரண்டாவதை ஏற்பது கடினம். கவிஞர் இருந்த தமிழ் தேசியக் கட்சி 1960-களின் நடுவிலேயே காங்கிரசில் இணைந்துவிட்டது. வீட்டுக்குள் வந்துவிட்டவர் வாசலில் நின்று விண்ணப்பிக்கத் தேவையில்லை. முதல் கதைக்கு அந்தச் சிக்கல் இல்லை.

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் நலம் விசாரிக்கும் பாட்டைப் பற்றிய கதையைத்தான் கொஞ்சம் நிறுத்திக் கேட்க வேண்டும். புற்றுநோயால் துன்புற்ற முதலமைச்சர் அண்ணாவை, பிரிந்துபோன கண்ணதாசன் மனம் பொறுக்காமல் பாட்டில் நலம் விசாரித்தார் என்று ஏராளமானோர் நம்புகிறார்கள். கேட்கவே நெஞ்சு நெகிழும். ஆனால் படம் வெளியானது 1968 ஜூலையில். அண்ணா அறுவைச் சிகிச்சைக்காக அமெரிக்கா சென்றது அந்த ஆண்டு செப்டம்பரில். பாட்டு எழுதி, இசையமைத்து, பதிவு செய்து, பத்மினி ஆடிப் படமாக்கியதெல்லாம் ஜூலைக்கும் முந்தி. கணக்கு இடிக்கிறது. இந்தக் கதை உண்மையாக இருக்க வேண்டும் என்று மனம் ஆசைப்படுவதே அதற்கு இருக்கும் பெரிய சாட்சி. வண்டிடம் காதலன் வேண்டாமென்று சொன்னது இதைத்தான்.

அந்தக் கதையைத் தள்ளிவைத்தால் பாட்டு சிறுத்துவிடாது. காட்சியைப் பாருங்கள். காயம்பட்டுத் தேறி வந்து நாதசுரம் வாசிக்கிறார் சண்முகசுந்தரம். சபை நிறைய ஆள். ஊர் பார்க்க ஆடிக்கொண்டே, அவருக்கு மட்டும் புரியும்படி மோகனா உடல்நலம் கேட்கிறாள். உள்ளர்த்தம் திரைக்கதைக்கு உள்ளேயே இருக்கிறது. கேள்வி கேட்பவள் மேடையில், பதில் சொல்ல வேண்டியவர் நாதசுரத்தில். கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய கதைக்கும் கே.வி. மகாதேவனின் இசைக்கும் சுசீலாவின் குரலுக்கும் இப்படி உயிர் கொடுத்த கவிஞருக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து மாட்டும் அரசியல் அணிகலன் எதற்கு?

ஊகமே தேவையில்லாத இடங்களும் உண்டு. அங்கே சாட்சி சொல்வது தணிக்கைக் குழு. 1966-ல் வந்த ‘அன்பே வா’ படத்தில் எம்.ஜி.ஆர். சிம்லாவில் துள்ளிப் பாடும் பாட்டுக்கு வாலி ‘உதய சூரியன்’ என்று எழுதியிருந்தார். உதயசூரியன் தி.மு.க.வின் சின்னம். தணிக்கையில் அது ‘புதிய சூரியன்’ ஆனது. அதே ஆண்டு இறுதியில் வந்த ‘பெற்றால்தான் பிள்ளையா’ படத்தில் குழந்தைக்குச் சொல்லும் அறிவுரைப் பாட்டில் அறிஞர் அண்ணாவின் பெயர் இருந்தது. படத்தில் அந்த இடத்துக்குத் திரு.வி.க. வந்து உட்கார்ந்தார், இசைத்தட்டில் அண்ணாவே இருந்தார். மறைபொருள் இருந்ததற்கு அதை வெட்டிய கத்தரியே ஆதாரம். கொட்டகையில் திரு.வி.க.வின் பெயரைக் கேட்ட ரசிகர்கள் யாருக்காகக் கை தட்டினார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா.

இதற்கெல்லாம் முன்னோடி நாடக மேடை. புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்த் திருவிழாக்களில் இன்றும் விடிய விடிய நடக்கும் வள்ளி திருமணம் நாடகத்தில், தினைப்புனத்தில் பறவை விரட்டும் கட்டம் வரும். விடுதலைப் போராட்டக் காலத்தில் அந்தக் கட்டத்தில் வெள்ளைக் கொக்கு பறந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுத, எஸ்.எஸ். விசுவநாததாஸ் பாடிய கொக்குப் பாட்டில் அந்த வெள்ளைக் கொக்கு யார் என்று மேடைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும். போலீசுக்கும் தெரியும். விசுவநாததாஸ் திரும்பத் திரும்பச் சிறை சென்றார். 1940-ல் சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். மறைத்துச் சொல்வது அவருக்கு அழகுக்கான உத்தி இல்லை. நேராகச் சொன்னால் நாடகமே நடக்காது என்ற நிலையில் கையிலெடுத்த ஆயுதம்.

கீரமங்கலத்துக்கு அருகிலேயே, பட்டுக்கோட்டைப் பக்கம் செங்கப்படுத்தான்காட்டில் 1930-ல் பிறந்த கல்யாணசுந்தரம் வேறு வகை. விவசாய இயக்கத்தில் நின்றவர். 29 வயதில், 1959-ல் மறைந்தவர். உழைப்பவனுக்குக் கூலி ஏன் சேரவில்லை என்ற கேள்வியைத் திரை போடாமல் கேட்டவர். 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் அவர் எழுதிய, ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பேசும் விவசாயப் பாட்டைப் பொதுவுடைமைக்காரர்கள் தங்கள் குரலாகக் கேட்டார்கள்; தி.மு.க.வினர் தங்கள் குரலாகக் கேட்டார்கள். தோண்டி எடுக்க மறைபொருள் எதுவும் அதில் இல்லை. மேலே கிடக்கும் பொருளே யாருக்குச் சொந்தம் என்பதில்தான் போட்டி. அந்தப் போட்டியில் கவிஞர் எந்த இயக்கத்தில் இருந்தார் என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

பாட்டுக்குள் மறைபொருள் தேடும் இந்தப் பித்து மேற்கத்திய ராக் இசை ரசிகர்களுக்கும் உண்டு. 1967-ல் பீட்டில்ஸ் குழு வெளியிட்ட, வைரங்களோடு வானத்தில் இருக்கும் லூசி பற்றிய பாட்டின் தலைப்பில் எல்.எஸ்.டி. போதைப்பொருளின் எழுத்துகள் ஒளிந்திருப்பதாக உலகமே பேசியது. மகன் ஜூலியன் பள்ளியில் வரைந்துவந்த படத்துக்குச் சொன்ன பெயர் அது என்றே ஜான் லெனன் கடைசிவரை சொன்னார். லெனன் படித்த பள்ளியிலேயே ஆசிரியர்கள் பீட்டில்ஸ் பாட்டுக்குப் பொழிப்புரை சொல்கிறார்கள் என்று ஒரு மாணவன் கடிதம் எழுதியபோது, யாராலும் பொருள் சொல்ல முடியாத ஒரு பாட்டை லெனன் வேண்டுமென்றே எழுதினார். ‘ஐ ஆம் த வால்ரஸ்’ என்ற அந்தப் பாட்டுக்கும் உரை வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்பே, கிங்ஸ்மென் குழு 1963-ல் பதிவு செய்த ‘லூயி லூயி’ பாட்டில் ஆபாசம் ஒளிந்திருக்கிறது என்ற புகாரின் பேரில் அமெரிக்காவின் எப்.பி.ஐ. நெடுநாள் விசாரித்து, வரிகள் புரியவில்லை என்று கைவிட்டது. காதலியைப் பிரிந்த ஒரு கடலோடியின் பாட்டு அது. இப்படியே பொருள் தேடப்பட்ட, டான் மெக்லீன் 1971-ல் பாடிய ‘அமெரிக்கன் பை’ பாட்டின் கைப்பிரதி 2015-ல் 12 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது.

தமிழில் அப்படிப்பட்ட கைப்பிரதிகளைப் பாதுகாத்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் இங்கே வாதங்கள் சாட்சி இல்லாமல் சுற்றிச் சுற்றி வருகின்றன. எந்தப் பாட்டு எந்த மாதம் பதிவானது, தணிக்கைக்கு முன் வரி எப்படி இருந்தது, பாட்டுப் புத்தகத்தில் அச்சானதும் படத்தில் ஒலித்ததும் ஒன்றுதானா என்ற கேள்விகளுக்கு விடை பழைய காகிதங்களில் இருக்கிறது. பரணிலோ பெட்டியிலோ பாட்டுப் புத்தகம், இசைத்தட்டு உறை, பழைய சினிமா இதழ் கிடந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். புதுக்கோட்டையிலேயே ஞானாலயா ஆய்வு நூலகம் இருக்கிறது. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. அவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.