குழந்தையின் முதல் பியானோ புத்தகம்

ஐந்து வயதுக் குழந்தையின் பியானோ புத்தகத்தில் முதலில் பார்க்க வேண்டியது அச்சின் அளவு. இசைக்குறிகள் பெரிதாக, பக்கத்துக்கு ஒரு பாட்டாக இருந்தால் போதும். படங்கள் மிகுந்தால் கண் அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது கற்பிக்கும் முறை. ஜான் தாம்சனின் பழைய பாடநூலான 'டீச்சிங் லிட்டில் ஃபிங்கர்ஸ் டு பிளே' (1936), இரு கட்டைவிரல்களையும் நடு 'சி' கட்டையில் வைத்துத் தொடங்குகிறது. எளிதுதான், ஆனால் பல பிள்ளைகள் குறியைப் படிக்காமல் விரல் எண்ணைப் பார்த்தே வாசித்துவிடுகிறார்கள். ஃபேபர் தம்பதியரின் 'மை ஃபர்ஸ்ட் பியானோ அட்வெஞ்சர்' ஐந்து, ஆறு வயதினருக்கென்றே எழுதப்பட்டது. ஐங்கோட்டுக் குறியீடு வருமுன் கறுப்புக் கட்டைகளில் பழக விடுகிறது. சிறு விரல்களுக்கு இதுவே இதம்.

எழுதிப் பழக, ரிதம் எம்.பி. வெளியிட்ட லீனா இங்கின் 'தியரி மேட் ஈஸி ஃபார் லிட்டில் சில்ட்ரன்' நூல்கள் உண்டு.

மலேசியாவின் பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ கர்நாடக இசையும் பயிலும் பிள்ளைக்கு ஒரு சிக்கல் வரும். அங்கே 'ச' பாடுபவரின் சுருதிக்கேற்ப இடம் மாறும். பியானோவில் 'சி' மாறாது. ஆகவே இரண்டும் குழம்பாமல் இருக்க, 'சி, டி, இ' என்று எழுத்துப் பெயர் சொல்லும் புத்தகமே நல்லது.

இசைத் தேர்வு வாரியமான ஏ.பி.ஆர்.எஸ்.எம்.மின் தேர்வுப் புத்தகங்களை முதலாண்டில் வாங்க வேண்டியதில்லை.