பிரெஞ்சு மொழியில் இரு துணைவினைகள்

பகுதி ஒன்றில் பிரெஞ்சு மொழியை எடுத்துப் படிக்கும் மாணவர்களை முதலாண்டிலேயே மிரட்டுவது 'பாஸே கொம்போஸே' என்னும் கூட்டு இறந்தகாலம். இதில் முதன்மை வினையின் எச்ச வடிவத்திற்கு முன் ஒரு துணைவினை வரவேண்டும். உடைமையைக் குறிக்கும் 'அவுவார்', இருத்தலைக் குறிக்கும் 'எத்ர்' எனத் துணைவினைகள் இரண்டு. எங்கே எது வரும் என்பதே இடர்ப்பாடு. ஈராண்டுகள் அம்மொழியைப் பயின்றதில் நான் கண்ட தெளிவை இங்கே கூற விழைகிறேன்.

பெரும்பாலான வினைகள் 'அவுவார்' ஏற்கும். போதல், வருதல், ஏறுதல், இறங்குதல், பிறத்தல், இறத்தல், தங்குதல் முதலிய ஏறத்தாழ 15 வினைகளும் அவற்றின் வழிவந்த சிலவும் 'எத்ர்' ஏற்கும். இவற்றை இயக்க வினைகள் என்று சொல்லி நினைவில் கொள்வோர் உளர். ஆனால் ஓடுதலும் நடத்தலும் இயக்கமே. அவை 'அவுவார்' ஏற்கின்றன. தங்குதலில் இயக்கம் ஏது? அது 'எத்ர்' ஏற்கிறது. எனவே பட்டியலை மனப்பாடம் செய்வது தவிர வேறு வழியில்லை.

எனினும், பட்டியல் மட்டும் போதாது. 'இல் எ தெசாந்து' என்றால் 'அவன் இறங்கினான்'. 'இல் ஆ தெசாந்து லா வலீஸ்' என்றால் 'அவன் பெட்டியை இறக்கினான்'. வினை ஒன்றே, துணைவினை மாறப் பொருளும் மாறிற்று. தன்வினை, பிறவினை கற்ற நமக்கு இது புதிதன்று. இறங்கினான், இறக்கினான் என நாம் வினையடியை மாற்றிக் காட்டுவதை அவர்கள் துணைவினையை மாற்றிக் காட்டுகிறார்கள். ஆயினும் 'படிக்கட்டில் ஏறினான்' என்பதற்கும் அங்கே 'அவுவார்'தான். ஏனெனில் படிக்கட்டு அம்மொழியில் செயப்படுபொருளாக நிற்கிறது. ஆகவே பிரெஞ்சு வாக்கியத்தில் நேரான செயப்படுபொருள் உண்டா என்று பார்ப்பதே உறுதியான சோதனை. உண்டெனில், பட்டியலில் உள்ள வினையும் 'அவுவார்' பக்கம் போய்விடும்.

இச்சோதனைக்கு அடங்காதது ஒன்றுண்டு. செயல் செய்தவனையே சாரும்போது, செயப்படுபொருள் இருந்தாலும் 'எத்ர்' வரும். 'இல் செ லவே' என்றால் அவன் தன்னைக் கழுவிக்கொண்டான் என்பது பொருள். நம் 'கொள்' என்னும் துணைவினையை இங்கு நினைவு கூர்க.

'எத்ர்' ஏற்கும் அந்தப் பட்டியல் வினைகளின் எச்சம் எழுவாயின் பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும். 'வந்தான்', 'வந்தாள்' என்பவற்றின் ஒலி பிரெஞ்சு எச்சத்தில் வேறுபடாது. எழுத்தில் மட்டும் பெண்பாலுக்கு ஓரெழுத்து கூடும். காதை நம்பி எழுதுவோர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

அயல்மொழி இலக்கணத்தைக் கண்டு அஞ்சி ஒதுங்கும் இளைய மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன்: தாய்மொழி இலக்கணத்தை நன்கு கற்றவருக்குப் பிறமொழியின் கதவு பாதி திறந்தே இருக்கிறது.