சாபம், வீடு, ஓலைப்பெட்டி

ஆங்கிலத்தில் இப்போது சூனியக்காரிக் குடும்பக் கதைகளுக்கு நல்ல கிராக்கி. 1998-ல் வந்த 'ப்ராக்டிகல் மேஜிக்' படம் நினைவிருக்கலாம்: ஓவன்ஸ் வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிற ஆண் பிழைக்க மாட்டான். ஷெர்லி ஜாக்சனின் 'ஹில் ஹவுஸ்' நாவலில் (1959) இன்னும் ஒரு படி மேலே; அங்கே வீடே ஒரு பாத்திரம். வந்தவர்களில் யார் தனக்கு வேண்டும் என்று அதுவே தேர்ந்தெடுக்கும். இதையெல்லாம் வரிசையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, நம்ம திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பச் சாபங்களை இதோடு ஒப்பிட்டால் என்ன என்று தோன்றியது. ஒப்பிட்டுப் பார்த்தால் ஒட்டவே இல்லை. ஏன் ஒட்டவில்லை என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் வீடு. நம்ம வீட்டுக்குத் தனிப் புத்தி கிடையாதா என்றால், உண்டு. ஆனால் ரொம்பச் சாதுவான புத்தி. பஞ்சாங்கத்தைப் பிரித்தால் வாஸ்து புருஷன் நித்திரை விடும் நாட்கள் போட்டிருக்கும். வருஷத்தில் எட்டே நாள். அதிலும் விழித்திருப்பது மூன்றேமுக்கால் நாழிகை, அதாவது 90 நிமிஷம். பல் தேய்க்க, குளிக்க, பூஜை செய்ய, சாப்பிட, வெற்றிலை போட என்று ஒவ்வொன்றுக்கும் 18 நிமிஷம். மனையடி போடுகிறவர்கள் கடைசி 36 நிமிஷத்தைப் பிடிக்கப் பார்ப்பார்கள். சாப்பிட்டு வெற்றிலை போட்டவன் சந்தோஷமாக இருப்பான் இல்லையா. இப்படி ஒரு குடும்பஸ்தனை வைத்துக்கொண்டு பேய்க்கதை எழுத முடியாது.

பயம் வேறு இடத்தில் இருக்கிறது. "அந்த வளவு விளங்காதுல்லா, ஒரு பொம்பளப் பாவம் கெடக்கு" என்று சொல்வார்கள். இந்த வாக்கியத்தில் சூனியக்காரி இல்லை. செய்வினை, ஏவல் என்பதெல்லாம் வெளியாள் காசு வாங்கிக்கொண்டு செய்வது. அதற்கு எடுக்கிற ஆளும் உண்டு. பாவம் அப்படியில்லை. அது அந்த வீட்டுக்காரர்களே யாருக்கோ வைத்த பாக்கி. பெரும்பாலும் ஒரு பெண்ணுக்கு.

இதற்குப் பெரிய உதாரணம் நீலி கதை. தெற்கே இசக்கியம்மன் கதையாக வில்லில் பாடுவது இதைத்தான். முற்பிறவியில் நகைக்காக ஒருவன் அவளைக் கொல்கிறான்; சாட்சிக்கு ஒரு கள்ளிச்செடி மட்டும். அடுத்த பிறவியில் அவன் வணிகன். அவள் ஒரு கள்ளிக் கிளையை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் புருஷன்' என்று பழையனூர்ப் பஞ்சாயத்தில் வந்து நிற்கிறாள். எழுபது வேளாளர்கள் விசாரித்து, உன் உயிருக்கு நாங்கள் பொறுப்பு என்று அவனுக்கு வாக்குக் கொடுத்து, இருவரையும் ஒரு வீட்டில் விட்டுவிடுகிறார்கள். விடிந்தால் அவன் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள். ஊருக்கு ஊர் விவரம் மாறும். இந்த எலும்புக்கூடு மாறாது. இதில் அந்த வீடு ஒன்றும் செய்யவில்லை என்பதைக் கவனியுங்கள். நாலு சுவரும் ஒரு ராத்திரியும் கொடுத்தது, அவ்வளவுதான். ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தலில், காற்றாலைகளுக்கு நடுவே, அவளுக்குக் கோயில் இருக்கிறது.

வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் (அவர் புத்தகம் 1988-ல் வந்தது) இந்தக் கதைகளைப் பிறப்புக் கதை, இறப்புக் கதை என்று பிரிக்கிறார். தெய்வமாகவே பிறந்தவர்கள் ஒரு வகை. மனிதராகப் பிறந்து, அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்கள் இன்னொரு வகை. கொடைகளில் பார்த்தவர்களுக்குத் தெரியும், கொலை நடக்கிற இடத்துக்குப் பாட்டு வரும்போதுதான் குடமும் உடுக்கும் வேகமெடுக்கும், சாமியாடிக்கு அருள் வரும். கொலையைத் திரும்பச் சொல்லியாக வேண்டும், வருஷா வருஷம், ஊர் நடுவில். என் பார்வையில் இது வழிபாடு மட்டுமில்லை, வாக்குமூலமும் கூட.

ஆனால் வாக்குமூலத்தைத் திருத்தவும் முடியும். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் முத்துப்பட்டன் இருக்கிறார். பிராமணர், பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு சக்கிலியப் பெண்களைக் கட்டுவதற்காகப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்தவர். மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்தார். அந்தப் பெண்கள் தீப்பாய்ந்தார்கள். இன்றைக்கும் அவருக்குக் காணிக்கை செருப்புதான். இந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்த நாங்குநேரிக்காரர் நா. வானமாமலை ஒரு விஷயத்தை எடுத்துக்காட்டினார்: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கண்டெடுத்து வளர்க்கப்பட்டவர்கள் என்று ஒரு பகுதி பின்னால் சேர்ந்திருக்கிறது. ஆக, செத்தவர்களைக் கும்பிடுவதில் தடையில்லை. அவர்கள் யார் என்பதுதான் உறுத்துகிறது. 'அவ அம்மனாயிட்டா' என்று சொல்லிவிட்டால் யார் கொன்றார்கள் என்ற கேள்வியும் சேர்ந்து குளிர்ந்துபோகும். பெண் பாவக் கதைகளைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு.

புதுமைப்பித்தன் இந்த மண்ணின் கதைக்காரர் என்பது 'காஞ்சனை'யில் (1943) பளிச்சென்று தெரிகிறது. அதைப் பேய்வீட்டுக் கதை என்று சொல்வது வழக்கம். எனக்கு அது வீட்டுக் கதையாகப் படவில்லை. வாசலுக்கு வந்த பிச்சைக்காரியை வேலைக்கு என்று உள்ளே கூப்பிடுவது எழுத்தாளரின் மனைவி. இரண்டு பெண்களும் கதை பேசுகிறார்கள். வாசனையும் பிணநாற்றமும் மாறி மாறி வருவதில் நடுங்குவது கணவன் ஒருத்தன்தான். அதே வருஷம் அவர் எழுதிய 'சாபவிமோசன'த்தில் இன்னும் பட்டவர்த்தனம்: சீதையைத் தீயில் இறங்கச் சொன்ன செய்தி கேட்டு அகலிகை மறுபடி கல்லாகிவிடுகிறாள். சாபம் கொடுத்தவனும் தீர்த்தவனும் ஆண்கள். திரும்ப எடுத்துக்கொண்டவள் அவள்.

அங்கத்திய நாவல்களில் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: சாபத்தை முறிக்கணும், இல்லையா வீட்டை விட்டு ஓடணும். இங்கே துரத்துவது இரண்டாம்பட்சம். முதலில் பங்கு கொடுப்பார்கள். கல்யாணமாகாமல் செத்த பெண்ணைக் கன்னியாக வைத்துக் கும்பிடுகிற வீடுகளில், அவள் பெயரில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கும். உள்ளே புதுச் சேலை, வளையல், மஞ்சள். பழைய சேலையை எடுத்துவிட்டுப் புதுசு வைப்பார்கள். வீட்டில் கல்யாணம் என்றால் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பெண்ணுக்கு முகூர்த்தப் பட்டு எடுப்பது. உயிரோடு இருந்தபோது கிடைக்காத அதே சேலை.

வளவுகளை விற்றுப் பாளையங்கோட்டைப் பக்கம் ஃப்ளாட்டுக்கு மாறுகிறவர்களுக்கு இந்தப் பெட்டிதான் சிக்கல். மச்சு கிடையாது, இருட்டு மூலை கிடையாது. பூஜை அலமாரியில் வைக்க வீட்டு மருமகள்களுக்கு மனசில்லை. ஆற்றில் விட்டுவிடலாம் என்று சொன்னவர்களும் உண்டு. சொன்னவர்கள் செய்ததை நான் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அது லாஃப்டில், சூட்கேஸ்களுக்குப் பின்னால் இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் ஸ்டூல் போட்டு ஏறி இறக்குகிறார்கள். அவள் பெயர் என்ன என்று கேட்டேன். பெரியவர்களிடம் கேட்கணும் என்றார்கள்.