ஐந்து மைந்தர் இருந்தும்

மத்திய கால இங்கிலாந்தில் பிரபுவின் நிலமும் பட்டமும் மூத்த மகனுக்கே உரியவை. இளையவன் வாளை நம்பியே பிழைக்க வேண்டும். வில்லியம் மார்ஷல் அத்தகைய இளையவன். குதிரை வீரர் போட்டிகளிற் புகழ்பெற்ற அவன், 1189ஆம் ஆண்டில் இசபெல் தெ கிளேயர் என்னும் செல்வக் குமரியை மணந்தான். தந்தையற்ற பிரபுக் குமரிக்கு மணமகனைத் தெரிபவன் அக்காலத்தில் அரசனே. அவளுடைய முதுசமாக வேல்சிலும் அயர்லாந்திலும் பரந்த நிலங்கள் அவன் கைக்கு வந்தன.

1219இல் அவன் இறந்தபோது ஆண்மக்கள் ஐவர் இருந்தனர். வமிசத்துக்கு இனி என்ன குறை? ஆனால் மூத்தவன் 1231இல் இறந்தான். றிச்சேட் 1234இல் அயர்லாந்துப் போரிற் பட்ட காயத்தால் மாண்டான். கில்பேட் 1241இல், தந்தைக்குப் புகழ் தந்த அதே போட்டிக் களத்திற் குதிரையினின்று வீழ்ந்து மடிந்தான். வோல்ற்றரும் அன்செல்மும் 1245இல் சில வார இடைவெளியில் மறைந்தனர். முறைப்படி பிறந்த பிள்ளை ஒருவருக்கேனும் இல்லை. திருச்சபை நிலத்தை மார்ஷல் பறித்தமையால் அயர்லாந்து ஆயர் ஒருவர் இட்ட சாபமே இது என்று மத்தேயு பாரிஸ் என்னும் துறவி எழுதிவைத்தார்.

நமக்கோ சாபத்தினும் சட்டமே பெரு வியப்பளிக்கிறது. ஆண்மக்களாயின் முழுதும் மூத்தவனுக்கு. பெண்மக்களாயின் எல்லோருக்கும் சமபங்கு! மார்ஷலின் புதல்வியரும் ஐவர். பதவியைக் கூறுபோட இயலாதாகையால் அரச மார்ஷல் என்னும் பதவி மூத்தவளான மோட்டைச் சேர்ந்தது. நிலம் ஐந்து கூறாயிற்று. அதற்குள் இறந்துவிட்ட சிபில் என்பவளுக்குப் பெண்மக்கள் எழுவர்; ஆளுக்குக் கிடைத்தது முப்பத்தைந்தில் ஒரு பங்கு.