பார்க்கக் காசும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம்

மறைமலைநகர் காமராஜர் ரயில் நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால், எழும்பூர் போக ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். கட்டணம் இரண்டு டீ விலைக்குள் அடங்கிவிடும். ஆனாலும் நம் குடியிருப்புகளில் இருந்து சென்னைக்குப் போகிறவர்கள் வேலைக்குப் போவார்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், ஏதாவது ஆபீசில் ஒரு கையெழுத்துக்காகப் போவார்கள். கடல் பார்க்கவோ, புத்தகம் படிக்கவோ, பாட்டு கேட்கவோ ரயில் ஏறுகிறவர்கள் குறைவு. கேட்டால் காசு இல்லை என்பார்கள். அது பாதிக் காரணம்தான். ‘உள்ளே விடுவார்களா?’ என்ற கேள்வி மீதிப் பாதி.

அந்தக் கேள்விக்கான பதில் கிண்டியில் இருக்கிறது. அடையாறு போகும் பேருந்தில் காந்தி மண்டபம் நிறுத்தத்தில் இறங்கலாம். மண்டப வளாகத்துக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. மரநிழலும் உட்கார இடமும் உண்டு. இரட்டைமலை சீனிவாசனுக்கும், அயோத்திதாசப் பண்டிதருக்கும் அங்கே மணிமண்டபங்கள் உள்ளன. பண்டிதரின் மணிமண்டபம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1907-ல் ராயப்பேட்டையில் இருந்து அவர் தொடங்கிய வாரப் பத்திரிகையின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. யாரும் வாங்கிப் படிக்கலாம் என்பது அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இரட்டைமலை சீனிவாசன் நம் மாவட்டத்துக்காரர். மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் அவர் பிறந்த ஊர். 1893-ல் ‘பறையன்’ என்றே பெயர் வைத்துப் பத்திரிகை நடத்தியவர். 1924-ல் சென்னை சட்டமன்றத்தில் அவர் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், அரசு அலுவலகம் எதற்கும் ஒடுக்கப்பட்ட மக்கள் செல்வதைத் தடுக்கக் கூடாது என்பதே அதன் சாரம். தீர்மானம் நிறைவேறியது. 26 ஆண்டுகள் கழித்து நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு, கடை, உணவகம், கிணறு, சாலை ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்துச் சொல்கிறது. வேடிக்கை பார்ப்பதும் நம் உரிமைதான் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பள்ளியில் இதை யாரும் இப்படிச் சொல்லித் தருவதில்லை.

காந்தி மண்டபம் சாலையிலேயே கோட்டூர்புரம் பக்கம் போனால் அண்ணா நூற்றாண்டு நூலகம் வரும். 2010 செப்டம்பர் 15-ல் திறந்த இது, 12 லட்சம் நூல்கள் வைக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. மறு ஆண்டே இதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றும் முடிவு வந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டதால் நூலகமாகவே நீடிக்கிறது. உள்ளே போகக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்குத் தனிப் பகுதி, பார்வையற்றோருக்குப் பிரெய்ல் பகுதி எல்லாம் உண்டு. நம் பிள்ளைகளுக்கு முக்கியமானது, சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கும் கூடம். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் நாள் முழுக்க அங்கே இருக்கிறார்கள். ஒற்றை அறை வீட்டில் டிவி சத்தத்துக்கு நடுவே படிக்கிற பிள்ளைக்கு, அமைதியான ஒரு மேசையே பெரிய சொத்து. வாசலில் பெயர், ஊர் கேட்டால் எழுதிவிட்டு நேராக உள்ளே போங்கள். சாதிச் சான்றிதழ் கேட்காத அரசுக் கட்டிடம் அது!

பழைய நூல்களைத் தேடும் கல்லூரி மாணவர்கள் எழும்பூரில் இறங்கி கன்னிமாரா நூலகத்துக்கு நடந்தே போகலாம். 1896-ல் மக்களுக்குத் திறந்த நூலகம் அது. பக்கத்திலேயே அருங்காட்சியகம், ஆனால் அதற்கு டிக்கெட் உண்டு, வெள்ளிக்கிழமை விடுமுறை.

சென்னை வரை போக முடியாதவர்களுக்கு இந்தப் பக்கம் மாமல்லபுரம் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு சிற்பத்தைச் சாலையில் நின்றே பார்த்துவிடலாம். கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதங்களுக்கும் டிக்கெட் வேண்டும். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அது தேவையில்லை. உலகப் பாரம்பரிய நாளான ஏப்ரல் 18-ல் எல்லோரையும் கட்டணமின்றி விடுவது வழக்கம்.

ஆனால் இலவசம் என்று எழுதி வைத்தால் மட்டும் எல்லோருக்கும் கதவு திறந்துவிடாது. அதே மாமல்லபுரத்தில் 2021-ல், கோயில் அன்னதானப் பந்தியில் உட்காரப்போன பூஞ்சேரி நரிக்குறவர் பெண்ணை விரட்டினார்கள். அவர் பேசிய வீடியோ பரவிய பிறகு, அமைச்சரே வந்து அதே கோயிலில் அவருடன் உட்கார்ந்து சாப்பிட்டார். 2023 மார்ச்சில் சென்னைத் திரையரங்கு ஒன்றில், கையில் டிக்கெட் வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தை வாசலிலேயே நிறுத்தினார்கள். இரண்டிலும் விஷயம் வெளியே வந்தது, யாரோ ஒருவர் அதைப் படம் எடுத்ததால்தான். படம் எடுக்க ஆளில்லாத வாசல்கள் எத்தனையோ.

பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ பொது இடத்துக்குள் நுழைய விடாமல் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். யாராவது தடுத்தால் இடம், நேரம், தடுத்தவரின் பொறுப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு 14566 என்ற தேசிய உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அழைப்புக்குக் காசு இல்லை.

இசைக்கு மார்கழியும் தையும்தான் காலம். மயிலாப்பூர், தி.நகர் சபாக்களில் மாலைக் கச்சேரிக்குத்தான் டிக்கெட். பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். பொங்கலையொட்டி அரசு நடத்தும் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’வில் பூங்காக்களிலும் மைதானங்களிலும் டிக்கெட் இல்லாமல் பறையும் கரகமும் பார்க்கலாம். 2007-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023 முதல் மீண்டும் நடக்கிறது. ஊரில் சாவுக்கு அடித்தால் இழிவு என்று சொல்லப்பட்ட பறையை, அங்கே குடும்பத்தோடு வந்து கைதட்டிக் கேட்கிறார்கள். மகிழ்ச்சிதான். இந்தக் கைதட்டல் நம் ஊர்த் தெருவுக்கு எப்போது வரும் என்று அங்கே நிற்கும்போது தோன்றாமல் இருக்காது.

பெண்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் டிக்கெட் இல்லை. அதனால் ரயிலை விட்டு இறங்கிய பிறகு, நகருக்குள் எங்கு சுற்றினாலும் பஸ் செலவு கிடையாது. மெரினாவுக்குப் போனால் உழைப்பாளர் சிலையைப் பாருங்கள். 1959-ல் ராய் சௌத்ரி வடித்தது. நான்கு பேர் சேர்ந்து பாறையைப் பெயர்க்கிறார்கள். தலைவர்கள் சிலையாக நிற்கும் கடற்கரையில், பெயரில்லாத கூலிக்காரர்களும் நிற்கிறார்கள்.

இருட்டிய பிறகு திரும்புவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். கடற்கரையில் இருந்து வரும் பல ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும். பலகையில் செங்கல்பட்டு என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறுங்கள்.